நாங்கள் போட்ட பாதை

காஞ்சிபுரம் பக்கத்துப் பெண் என்றாலே எல்லோருக்கும் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், "உங்களுக்கென்னம்மா, வீட்டிலேயே தறி!" என்பார்கள். தறி இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் அதில் நெய்கிற புடவை யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் போகிறது. நமக்கு மிஞ்சுவது கால் வலியும், கொஞ்சம் ஜரிகைத் துணுக்கும்தான்!

நான் இங்கே எழுத வந்தது பட்டைப் பற்றி அல்ல, மண்ணைப் பற்றி. எங்கள் ஊர்ப் பெண்கள் முப்பது பேரோடு சேர்ந்து, ஏரிக்கரையில் பாதை போட்டேன். போட்ட பாதையை மழைக்கு மழை செப்பனிட்டேன். அந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்த சில விஷயங்கள், வீட்டில் இருக்கிற சகோதரிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தறி நின்றபோது

வாலாஜாபாத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். என் வீட்டுக்காரர் குழித்தறி நெசவாளி. முதலாளி கொடுக்கிற பாவையும் ஜரிகையையும் வாங்கி வந்து நெய்து, கூலி வாங்குகிறவர். கோர்வைப் புடவை என்றால் ஒருவரால் ஆகாது. கரைக்கு இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் நான்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் தள்ளிப் போயின. நெய்த புடவை பீரோவிலேயே தூங்கியது. புதுப் பாவு வரவில்லை. இரண்டு மாதம் கையில் இருந்ததை வைத்து ஓட்டினோம். மூன்றாம் மாதம் அரிசிப் பானையின் அடி தெரிந்தது. பெரிய பெண் நர்சிங் முதல் வருஷம். சின்னவன் எட்டாவது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா, "நூறு நாள் வேலைக்குத் திரும்பக் கூப்பிடறாங்க. தள்ளித் தள்ளி நின்னு செய்யணுமாம். நீயும் வாயேன்" என்றாள்.

நூறு நாள் வேலை என்பது புதிதல்ல. 2005-ல் நாடாளுமன்றத்தில் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்களில் முதலில் வந்தது. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தது 2008 ஏப்ரலில். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெண்கள் சும்மாட்டோடு எங்கள் தெரு வழியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவிலிருந்து யாரும் போனதில்லை. 'நெசவாளித் தெரு' என்று ஒரு கௌரவம்!

மாமியாரிடம் சொன்னேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, பட்டு நூலைத் தொடற கை. மண்ணைத் தொட்டா நகக் கண்ணெல்லாம் வெடிச்சுப் போவும். அப்புறம் தறியில உட்கார்ந்தா நூலு சிக்காதா? ஊருதான் என்னா சொல்லும்?"

"ஊரு அரிசி கொடுக்குமா அத்தை?" என்று கேட்டேன். "தறிக்குழியில உட்கார்ந்து காலு மரத்துப் போறதும் வேலைதான். வெளியில காத்துல நின்னு மண்ணு அள்ளறதும் வேலைதான். இதுல என்ன அத்தை உசத்தி தாழ்த்தி?"

அவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "போறதுன்னா போ. முதுகை மட்டும் பார்த்துக்க" என்றார். முதுகு வலியின் அருமை தெரிந்த மனிதர். அதுவே எனக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 256 ரூபாய். 2025-26-ல் அது 336 ரூபாய் ஆயிற்று. அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஒன்று கவனித்தீர்களா? ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற பேச்சே இதில் இல்லை. களை எடுக்கப் போனாலும், கட்டட வேலைக்குப் போனாலும் பெண் கை என்றால் குறைத்துத்தானே கொடுக்கிறார்கள்? வேலை செய்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களே வந்துவிட்டார்கள்! கூலி நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் என் பேரில் ஒரு பாஸ்புத்தகம்.

பாதை போடுவது லேசான காரியமா?

எங்கள் ஊர் ஏரிக்கரை ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அதன் மேல்தான் கிழக்குத் தெருவில் இருக்கிறவர்கள் மெயின் ரோட்டுக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். கரை பூராவும் சீமைக்கருவேலம் அடைத்து, ஒற்றையடித் தடம் மட்டும் இருந்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை. சுற்றிக்கொண்டு போனால் மூன்று கிலோமீட்டர்.

"மண்ணைக் கொட்டி மிதித்தால் பாதை" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஊஹூம்! அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. தோசை மாவுக்கு அளவு மாதிரிதான்.

முதல் வேலை முள் வெட்டுவது. சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால், இரண்டு மழையில் இரண்டு பங்காகத் தழைத்து வரும். வேரோடு தோண்ட வேண்டும். ஆனால் அது ஏரிக்கரை ஆயிற்றே! வேர் எடுத்த குழியை அப்படியே விட்டால் தண்ணீர் அதில் வழி பிடித்துக்கொண்டு கரையையே அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு குழியையும் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து மூட வேண்டும்.

அடுத்தது மண் எடுப்பது. கரைக்கு அடியிலேயே தோண்டினால் கரை பலம் இழந்து சரியும். ஏரிக்குள் தள்ளிப் போய், சதுரம் சதுரமாகக் குழி வெட்ட வேண்டும். குழியின் நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவிடுவோம். எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அளக்க வருகிறவர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார். ஏரி ஆழமாகும், பாதை உயரமாகும். ஒரே மண்ணில் இரண்டு லாபம்!

கொண்டு வந்த மண்ணை ஒரேயடியாகக் குவிக்கக் கூடாது. அரை அடிக்கு அரை அடியாகப் பரப்பி, கட்டியை உடைத்து, ஈரம் காட்டி, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஈரம் குறைந்தால் மண் ஒட்டாது, அதிகமானால் சேறாகிவிடும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. கிழக்குத் தெரு ஆயா ஒருத்தி, எழுபதை நெருங்குகிறவள், மண்ணைப் பிடித்துப் பார்த்தே "இன்னும் ரெண்டு சொம்பு தெளி" என்பாள். தப்பவே தப்பாது.

பாதையின் நடுவைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு ஓரமும் தாழ்வாக, ஆமை முதுகு மாதிரி விட வேண்டும். பத்தடி அகலப் பாதைக்கு நடுவில் இரண்டு மூன்று அங்குலம் உயரம் போதும். மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். தண்ணீர் நின்றால் பாதை போயிற்று! வழிகிற தண்ணீர் கரையை அரிக்காமல் இருக்கச் சரிவில் அருகம்புல் பதித்தோம். ஓரத்தில் பனங்கொட்டை ஊன்றினோம். அது நம் காலத்துக்கு அல்ல, பேரன் பேத்தி காலத்துக்கு.

கோடு பிடிக்கிற வேலை மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு ஒரு விரல் விலகினாலும் எனக்குக் கண்ணில் பட்டுவிடும். இருபது வருஷம் பாவைப் பார்த்த கண் அல்லவா! "நெசவாளி அக்கா பார்த்தா சரியா இருக்கும்" என்று பொறுப்பாளர் பெண்ணே கூப்பிடுவாள். வீட்டில் சொன்னேன். மறுநாள் அவர் பழைய நூலை முறுக்கி, முப்பது அடி நீளத்துக்கு ஒரு கயிறு திரித்துக் கொடுத்தார். "சணல் கயிறு தொய்யும். இது தொய்யாது" என்றார். மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பு முதலில்

முதல் வாரம் உடம்பு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இரவு படுத்தால் புரள முடியாது. ஆனால் பழையவர்களைப் பார்த்துப் பார்த்துச் சில வழிகளைத் தெரிந்துகொண்டேன். மண் சுமக்கப் போகாவிட்டாலும், தண்ணீர்க் குடமும், கேஸ் சிலிண்டரும், குழந்தையும் தூக்குகிறவர்கள்தானே நாம்? அதனால் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பாரம் தூக்கும்போது இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள். முழங்காலை மடித்து உட்கார்ந்து, சாமானை உடம்போடு ஒட்டிப் பிடித்து, கால் பலத்தில் எழுந்திருங்கள். தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்பக் கூடாது. காலை எடுத்து வைத்து உடம்பையே திருப்புங்கள். சட்டியை முக்கால்தான் நிரப்புவோம். பத்துப் பேர் வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்தால், ஒருத்தி ஏறி இறங்குகிற தூரம் குறைகிறது. பேச்சும் சிரிப்புமாக வேலையும் ஓடிவிடும்.

பிரசவமாகி ஆறு வாரம் முடிவதற்குள் பாரம் தூக்கவே கூடாது. கிராமத்தில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? குழந்தை பிறந்து பத்தாம் நாளே குடம் தூக்கிவிட்டு, பிற்பாடு கர்ப்பப்பை இறக்கம் என்று யாரிடமும் சொல்லாமல் அவதிப்படுகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை சகோதரிகளே! அடியில் ஏதோ கனமாக இறங்குகிற மாதிரி இருந்தாலோ, இருமினால் சிறுநீர் கசிந்தாலோ டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் பயிற்சியிலேயே பெரும்பாலும் குணம் தெரியும்.

வயிற்றுப் பிள்ளைக்காரிகளை எங்கள் குழுவில் மண் தூக்க விட மாட்டோம். தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மண்ணுக்கு ஈரம் தெளிப்பது, இதெல்லாம்தான் அவர்கள் வேலை. வேலை இடத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்று அந்த 2005-ஆம் வருஷச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. பெரிய பெண் அதைப் படித்துச் சொன்னாள். கேட்டுப் பெற்றோம். புளியமரத்தில் ஏணை கட்டி, மூன்று குழந்தைகள் தூங்கும். ஒரு ஆயா ஆட்டுவாள். அவளுக்கும் எங்கள் மாதிரியே நாள் கூலி!

இன்னொரு கஷ்டம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வெட்டவெளியில் பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. அதனால் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். முடிவு? நீர்க்கடுப்பும் காய்ச்சலும். வெட்டிப் போட்ட கருவேலங் கொம்பை நாலு பக்கம் நட்டு, பழைய புடவை இரண்டைச் சுற்றிக் கட்டினோம். ஒரு மண்வெட்டி, ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான் செலவு. அன்றைக்குப் பிறகு தண்ணீர்ப் பானை இரண்டு தடவை நிரப்ப வேண்டி வந்தது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழோ நீராகாரமோ குடித்துவிட்டுக் கிளம்புவோம். நடுவில் உப்புப் போட்ட நீர்மோர். மயக்கம், தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். பாம்புக் கடிக்கும் அதேதான். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் வைத்தியம்.

முள்ளுக்குள் ஒரு கல்

இரண்டாவது வருஷம் கரையின் வடகோடியில் முள் வெட்டிக்கொண்டிருந்தோம். அரிவாள் கல்லில் பட்டு 'ணங்' என்றது. ஒதுக்கிப் பார்த்தால், நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல் நட்டிருந்தது. மேலே குறுக்கே போட்டிருந்த பலகைக்கல் சரிந்து பாதி மண்ணில் புதைந்து கிடந்தது.

"சுமைதாங்கி!" என்றாள் ஆயா.

சின்னப் பெண்களுக்குத் தெரியவில்லை. ஆயாதான் விளக்கினாள். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடக்கிறவர்கள், இறக்கி வைத்தால் தூக்கிவிட ஆள் வேண்டுமே! அதனால் வழியோரத்தில் தலை மட்டத்துக்கு இப்படிக் கல் போட்டு வைப்பார்கள். அப்படியே நகர்த்தி வைத்து இளைப்பாறிவிட்டு, யார் உதவியும் இல்லாமல் திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப் போன பெண்ணின் பேரில் இதைப் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போய்விட்டாள். அவள் பேரைச் சொல்லி வழிப்போக்கர்களாவது சுமையை இறக்கி வைக்கட்டும் என்று.

"யாரு ஆயா அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எங்க மாமியாருக்கே தெரியாது. மழைக்காலமா இருந்திருக்கும். வழி இருந்திருக்காது" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. அன்றைய அளவில் அந்த வேலை கிடையாது. இருந்தாலும் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கடப்பாரை கொடுத்து நெம்பி, பலகைக்கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். மறுநாள் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். இப்போதும் தண்ணீர்க் குடத்தை அதன் மேல் வைத்துவிட்டு நின்று பேசுகிறார்கள்.

அந்த வருஷமே, 2021 நவம்பரில், பாலாற்றில் பெருவெள்ளம். தரைப்பாலங்கள் முழுகின. அதற்கு முன்னே 2015 மழையில் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ ஏரிகள் உடைந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த நவம்பரில்தான் பக்கத்து வீட்டு அக்காவின் மகள், தலைப் பிரசவத்துக்கு வந்தவள், ஒன்பதாம் மாதம். ராத்திரி பதினொரு மணிக்கு வலி எடுத்தது. அவளை அழைத்துப் போக வேண்டிய வழியோ கரைதான்; சுற்றுவழியில் முழங்கால் தண்ணீர். நாலைந்து பேர் டார்ச் லைட்டோடு முன்னால் நடந்தோம். ஒரு ஆட்டோ எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மழை. ஆனால் சக்கரம் ஓர் இடத்தில்கூடப் புதையவில்லை. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. விடியற்காலையில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

அந்த ராத்திரி மாமியார் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டதும், "நல்ல வழியா போட்டீங்கடீ" என்றார். அதற்குப் பிறகு நான் வேலைக்குக் கிளம்பினால், தூக்குவாளியில் மோர் ஊற்றி வைப்பது அவர் வேலை ஆயிற்று.

நம் ஊரிலும் வெளிநாட்டிலும்

பாதையையும் ஏரியையும் ஊரார் கூடிப் பராமரிப்பது எங்கள் பக்கத்தில் ஆயிரம் வருஷத்துப் பழக்கம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ஆம் வருஷத்தவை. குடவோலை போட்டு 30 குடும்பிலிருந்து 30 பேரைத் தேர்ந்தெடுப்பார்களாம். அதில் 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் பொறுப்பு. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் குழுவிலும் அநேகமாக அதே வயதுதான்! ஒரே வித்தியாசம், அன்றைக்குப் பேர் எழுதிய ஓலையில் பெண் பேர் இல்லை. இன்றைக்கு வருகைப் பதிவேட்டில் முக்காலே மூணு வீசம் பெண் பேர்.

பெரிய பெண் செல்போனில் படித்து இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் 1933-ல் பஞ்ச காலத்தில், வேலையில்லாத பையன்களைக் கூட்டிக் காட்டுப் பாதை போடவும் மரம் நடவும் அரசாங்கமே சம்பளம் கொடுத்ததாம். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் வேலை செய்தார்கள். ஆண்களுக்கு மட்டும்! பிறகு எலிசபெத் புட்னம் என்ற கல்லூரி மாணவி, 1955-ல், படிக்கிற பிள்ளைகளே பூங்காக்களையும் காட்டுப் பாதைகளையும் பராமரிக்கலாமே என்று ஒரு கட்டுரை எழுதினாள். 1957-ல் அதை நடத்தியும் காட்டினாள். அங்கே 3,500 கிலோமீட்டர் நீள மலைப்பாதை ஒன்றை இன்றைக்கும் தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் செப்பனிடுகிறார்களாம். அவர்களும் முதலில் பார்ப்பது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆயா சொல்லாததா!

பாதை போட்டால் மட்டும் போதாது

வீட்டைக் கட்டி முடித்தால் வேலை முடிந்ததா? தினமும் பெருக்க வேண்டாமா? பாதையும் அப்படித்தான். ஒவ்வொரு பெருமழைக்கும் அடுத்த நாள் கரையில் நடந்து பார்க்க வேண்டும். நண்டு வளை, எலி வளை, சக்கரத் தடம் எல்லாவற்றையும் சின்னதாக இருக்கும்போதே அடைக்க வேண்டும். ஒரு கூடை மண்ணில் முடிகிற வேலையை விட்டுவிட்டால், அடுத்த மழையில் ஒரு லோடு மண் கேட்கும்.

காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து காலையும் மதியமும் செல்போனில் படம் பிடித்து வருகை போட ஆரம்பித்தார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று வேறு சட்டம் நிறைவேற்றியது. சட்டம் எதுவானாலும், பெண்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிழலும் தண்ணீரும் குழந்தைக்கு ஏணையும் நாங்கள் கேட்டதால்தான் கிடைத்தன.

ஊரடங்கு போய்த் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. வேலை இருக்கிற நாளில் கோர்வைக்கு உட்காருகிறேன். தறிக்குழியில் தண்ணீர் ஊறி நெசவு நிற்கிற ஐப்பசி கார்த்திகையில் மண்வெட்டியை எடுத்திருக்கிறேன். நகம் வெடித்தது உண்மைதான். இரவில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினால் சரியாகிறது. பட்டு நூல் சிக்கவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு பாதை இருக்கும். பள்ளிக்கூடத்துக்கோ, குளத்துக்கோ, கோயிலுக்கோ போகிற பாதை. அடுத்த மழை விட்டதும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தரம் நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே முள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். நாலு பேராகச் சேர்ந்து ஒரு கூடை மண் போட்டால் தீர்கிறதா, போட்டு விடுங்கள். தீராது என்றால், கிராமசபை கூடுகிற நாளில் எழுந்து நின்று கேளுங்கள். அந்த வழியில் நாளைக்கு யார் அவசரமாகப் போக வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?